ரிவிச் சத்தம் ஹெட்போனுக்கு, போன் பாட்டு பழைய செட்டுக்கு: புளூடூத் ட்ரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் முதன்முதலாக வாங்குபவர்களுக்கு

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில். அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, காது மந்தம். இரவு ஏழு மணிக்கு ரிவியில் நாடகம் தொடங்கினால் சத்தம் ஒழுங்கை முனை வரைக்கும் கேட்கும். அதே நேரம் பக்கத்து அறையில் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள். "அப்பம்மா, கொஞ்சம் குறையுங்கோவன்" என்று அவள் வந்து கேட்பாள். அம்மாவும் குறைப்பார். குறைத்த பிறகு ஒரு சொல்லும் விளங்காமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பார். இரண்டு பேரையும் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டிதான் அதைத் தீர்த்து வைத்தது. ஆனால் அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்க முன்னர் இரண்டு தடவை பிழையானதை வாங்கிக் காசை விட்டேன். பிறகு சொந்தக்காரர் வீடுகள் சிலவற்றிலும் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப் படித்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் சத்தம் போகும் திசையைப் பாருங்கள்

ட்ரான்ஸ்மிட்டர் அனுப்பும் பெட்டி. வயர் வழியாக அதற்குள் சத்தம் போகும், காற்றில் வெளியே வரும். ரிசீவர் வாங்கும் பெட்டி. காற்றில் வருவதைப் பிடித்து வயர் வழியாகக் கொடுக்கும். கடையில் இரண்டும் ஒரே அச்சாகத்தான் இருக்கும்.

உங்களிடம் இருக்கும் பொருட்களில் எதற்கு ஏற்கெனவே புளூடூத் இருக்கிறது என்று பாருங்கள். கைத்தொலைபேசி அனுப்பத் தெரிந்தது, புளூடூத் ஹெட்போன் வாங்கத் தெரிந்தது. ரிவியிலிருந்து ஹெட்போனுக்குச் சத்தம் போக வேண்டுமென்றால் குறைவது அனுப்பும் பக்கம், ஆகவே ட்ரான்ஸ்மிட்டர் வேண்டும். போனிலிருந்து பழைய அம்ப்ளிஃபயருக்குப் பாட்டு போக வேண்டுமென்றால் குறைவது வாங்கும் பக்கம், ஆகவே ரிசீவர் வேண்டும். இரண்டு பக்கமும் புளூடூத் இல்லாத பழைய பொருள் என்றால் ஒவ்வொன்றிலும் ஒன்று வேண்டும்.

என் முதல் பிழை இதில்தான். "அண்ணை, இது ரெண்டுக்கும் வேலை செய்யும்" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் பூட்டிப் பார்த்தால் அது வெறும் ரிசீவர். உண்மையில் இரண்டு வேலையும் செய்யும் பெட்டி என்றால் அதன் பக்கவாட்டில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'டிஎக்ஸ்', மறுபக்கம் 'ஆர்எக்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். முதலாவது அனுப்ப, இரண்டாவது வாங்க. சிலவற்றில் சுவிட்சுக்குப் பதிலாக ஒரு பட்டனை அழுத்தி மாற்ற வேண்டும். அதைக் கடையிலேயே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பென்டிரைவ் போல யூஎஸ்பி முனையுடன் வருபவற்றிலும் கவனம் தேவை. சிலவற்றுக்கு அந்த யூஎஸ்பி கரண்ட் எடுக்க மட்டும்தான், சத்தத்துக்கு வேறாக வயர் பூட்ட வேண்டும். சில, கணினிக்குப் புளூடூத் கொடுக்கும் டொங்கிள். அதை ரிவியில் செருகினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

ரிவியின் பின்பக்கம்

கடைக்குப் போக முன்னர் ஒரு டோர்ச்சை எடுத்து ரிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். கடையில் காட்ட உதவும்.

அதற்கும் முன்னர், ரிவி மெனுவில் சத்தம் பற்றிய பகுதிக்குப் போய்ப் புளூடூத் ஸ்பீக்கர் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அண்மையில் வந்த பல ஸ்மார்ட் ரிவிகளில் இது உள்ளேயே இருக்கிறது. இருந்தால் ஹெட்போனை இணைத்துப் பாருங்கள். அது சரிவந்தால் நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை.

இல்லாவிட்டால் பின்பக்கத்தில் மூன்றில் ஒன்று கிடைக்கும்.

ஒன்று, ஹெட்போன் துவாரம், அதாவது 3.5 மி.மீ. வட்டத் துளை. பெரும்பாலான ட்ரான்ஸ்மிட்டர்கள் இதற்குப் பொருந்தும். ஆனால் பல ரிவிகளில் இதில் எதையாவது செருகியதும் ரிவியின் சொந்த ஸ்பீக்கர் நின்றுவிடும். அம்மாவுக்குக் கேட்கும், மற்றவர்களுக்குக் கேட்காது. தனியாக இருந்து பார்ப்பவருக்கு இது போதும்.

இரண்டாவது, ஒப்டிக்கல். சதுரமான சின்னத் துளை, மூடி வைத்திருக்கும். ரிவி ஓடும்போது திறந்து பார்த்தால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். குடும்பமாக இருந்து பார்க்கிற வீட்டுக்கு இதுதான் நல்லது. ஒப்டிக்கலில் சத்தம் போகும்போதும் பெரும்பாலான ரிவிகளில் ஸ்பீக்கர் தொடர்ந்து ஓடும். அம்மா தன் ஹெட்போனில் தனக்கு வேண்டிய அளவு வைக்கலாம், நாங்கள் ரிவியில் மெல்லமாக வைக்கலாம். ஒப்டிக்கல் உள்ளீடு எல்லா ட்ரான்ஸ்மிட்டரிலும் இராது, கேட்டு வாங்க வேண்டும்.

ஒப்டிக்கலில் இரண்டு இடத்தில் புதியவர்கள் மாட்டுப்படுகிறார்கள். வயரின் இரு நுனியிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகினால் உள்ளே இறங்காது, தள்ளினால் உடையும். அடுத்தது, ரிவி மெனுவில் டிஜிட்டல் சத்த வெளியீட்டை 'பிசிஎம்' என்று மாற்ற வேண்டும். டொல்பி அல்லது ஓட்டோ என்று விட்டால் பல ட்ரான்ஸ்மிட்டர்களுக்கு அந்தச் சத்தம் விளங்காது. ஒன்றில் மௌனம், இல்லாவிட்டால் இரைச்சல். பெட்டி பழுது என்று திருப்பிக் கொண்டு போக முன்னர் இதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, சிவப்பு, வெள்ளை வட்டத் துளைகள். இங்கே ஒரு விஷயம் முக்கியம். ரிவியில் இல்லாவிட்டாலும் கேபிள் பெட்டியிலோ டிஷ் பெட்டியிலோ இவை பெரும்பாலும் இருக்கும். பெட்டியிலிருந்து ரிவிக்கு எச்டிஎம்ஐ வயர் போகும்போது, மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். மஞ்சள் படத்துக்கு, அதை விட்டுவிடுங்கள். சிவப்பையும் வெள்ளையையும் ட்ரான்ஸ்மிட்டருக்குக் கொடுங்கள். ரிவியின் ஸ்பீக்கரும் நிற்காது, ஒப்டிக்கலும் தேவையில்லை. சுன்னாகத்தில் ஒரு மாமி வீட்டில் இப்படித்தான் பூட்டினேன். அவர்களின் ரிவி பழையது, ஹெட்போன் துளைகூட இல்லை.

பிந்தி வரும் சத்தம்

இரண்டாவது தடவை சரியான திசை உள்ள பெட்டியைத்தான் வாங்கினேன். சத்தமும் துப்புரவாக வந்தது. ஆனால் அம்மா பத்து நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இவள் வாயை மூடின பிறகு கதைக்கிறாள்" என்றார். கிரிக்கெட் போட்டுப் பார்த்தேன். மட்டையில் பட்ட பந்து ஓடத் தொடங்கிய பிறகு அடித்த சத்தம் கேட்டது. காது மந்தமானவர்கள் பலர் தங்களுக்குத் தெரியாமலே வாயசைவைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பிந்தல் மற்றவர்களைவிடக் கூடுதலாக இடிக்கும்.

காரணம் இதுதான். ரிவிச் சத்தம் அப்படியே காற்றில் போவதில்லை. ட்ரான்ஸ்மிட்டர் அதைச் சுருக்கி, துண்டு துண்டாக அனுப்பும். ஹெட்போன் அவற்றைக் கொஞ்சம் சேர்த்து வைத்து, விரித்து, பிறகுதான் ஒலிக்கும். சுருக்கி விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். புளூடூத்தில் பாட்டுக் கேட்கும் எல்லாக் கருவிகளிலும் எஸ்பிசி என்ற கோடெக் கட்டாயம் இருக்கும். அதில் பிந்தல் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை வரும். ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக்கில் அது 40 மில்லிசெக்கன் அளவுக்குக் குறைந்துவிடும். அந்த அளவைக் கண்ணும் காதும் பிரித்துப் பார்க்காது.

ஆனால் அந்தக் கோடெக் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரில் மட்டும் இருந்து ஹெட்போனில் இல்லாவிட்டால் இரண்டும் உங்களுக்குச் சொல்லாமலே எஸ்பிசிக்கு இறங்கிவிடும், நீங்கள் கூடக் கொடுத்த காசுக்குப் பலன் இராது. அந்தக் கோடெக் உள்ள ஹெட்போன் இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்குச் சரிவந்த வழி இது: அந்தக் கோடெக் உள்ள ட்ரான்ஸ்மிட்டர் ஒன்று, அதே கோடெக் உள்ள சின்ன ரிசீவர் ஒன்று. ரிசீவரை அம்மாவின் கழுத்தில் நாடாவில் தொங்கவிட்டு, அதில் சாதாரண வயர் ஹெட்போனைச் செருகினேன். வயர் ஒரு முழம்தான். அம்மாவுக்கு அது தொந்தரவாக இல்லை.

புளூடூத் இல்லாமல், தனக்கென்று ஒரு அடித்தளத்துடன் வரும் ரேடியோ அலை ரிவி ஹெட்போன்களும் இருக்கின்றன. வயதானவர் ரிவி மட்டும்தான் பார்ப்பார், வேறு ஒன்றுக்கும் ஹெட்போன் வேண்டாம் என்றால் அதையே முதலில் தேடுங்கள் என்பேன். இணைக்கும் வேலையே இல்லை, பிந்தலும் பெரும்பாலும் தெரியாது.

ரிவி மெனுவில் சத்தத்தைப் பிந்த வைக்கும் ஒரு இடம் இருக்கும். அதைத் திருகி நேரத்தை வீணாக்காதீர்கள். அது பொதுவாகச் சத்தத்தை இன்னும் பிந்த வைக்கத்தான் உதவும், எங்களுக்கு வேண்டியது முந்த வைப்பது. கணினியில் விஎல்சி என்ற பிளேயரில் படம் பார்ப்பவர்கள் மட்டும் தப்பலாம். 'ஜே' எழுத்தை ஒரு தடவை தட்டினால் சத்தம் 50 மில்லிசெக்கன் முந்தும்.

பாட்டு மட்டும் கேட்பவருக்கு இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை. படமே இல்லாதபோது கால் செக்கன் பிந்தினால் யாருக்குத் தெரியும்?

கடையில்

கஸ்தூரியார் வீதிப் பக்கமோ ஸ்டான்லி வீதிப் பக்கமோ போகும்போது உங்கள் ஹெட்போனைச் சார்ஜ் செய்து கையோடு கொண்டு போங்கள். கடையில் இருக்கும் ஒரு ரிவியிலோ போனிலோ பூட்டி, ஆட்கள் கதைக்கும் காட்சி ஒன்றைப் போட்டு வாயைப் பாருங்கள். ஒரு நிமிடம் போதும், முடிவு தெரிந்துவிடும்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 5.0, 5.3 போன்ற எண்களுக்கு மயங்காதீர்கள். அது புளூடூத்தின் பதிப்பு எண். 2016 இல் 5.0 வந்தபோது தூரம் கூடும், வேகம் கூடும் என்று சொன்னது குறைந்த மின்சாரத்தில் ஓடும் வேறொரு பகுதியைப் பற்றி. வழமையான ஹெட்போன் சத்தம் இன்னும் பழைய பாதையில்தான் போகிறது. எண்ணைவிடக் கோடெக்கின் பெயரைக் கேளுங்கள்.

போனிலிருந்து பாட்டுக் கேட்க ரிசீவர் வாங்குபவர் தன் போனையும் நினைக்க வேண்டும். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு கோடெக்கில் மட்டும்தான் அனுப்பும். எல்டாக், ஆப்டெக்ஸ் போன்ற கோடெக் இருக்கிறது என்று கூடிய விலை சொன்னால் ஐபோன்காரருக்கு அது தேவையில்லை. அண்ட்ரோய்டில் 8.0 பதிப்பிலிருந்து எல்டாக் சேர்ந்திருக்கிறது. அந்தப் போன் வைத்திருப்பவர் நல்ல ஸ்பீக்கரும் வைத்திருந்தால் கூடக் கொடுப்பதில் பிழையில்லை.

இணைக்கும் முறை

ட்ரான்ஸ்மிட்டரில் திரை இல்லை, ஆகவே எதோடு சேர வேண்டும் என்று நாங்கள் அதற்குச் சொல்ல முடியாது. பக்கத்தில் இணைப்புக்குத் தயாராக நிற்கும் எதையாவது பிடித்துக்கொள்ளும். இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. வீட்டிலுள்ள எல்லாப் போன்களிலும் புளூடூத்தை நிறுத்துங்கள். ஹெட்போனைப் போட்டவுடன் அது பழைய நினைவில் போனோடு சேர்ந்துவிடும். ட்ரான்ஸ்மிட்டர் தேடும்போது கிடைக்காது. பாதிப் பிரச்சினை இதுதான்.
2. ட்ரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் கொடுத்து, சுவிட்சை அனுப்பும் பக்கம் வையுங்கள்.
3. அதன் பட்டனைச் சில செக்கன் அழுத்திப் பிடியுங்கள். விளக்கு வேகமாக, பெரும்பாலும் சிவப்பும் நீலமுமாக, மின்னும்.
4. ஹெட்போனையும் அதே மாதிரி இணைப்பு நிலைக்குக் கொண்டு வந்து, இரண்டையும் ஒரு அடி தூரத்தில் மேசையில் வையுங்கள்.
5. விளக்கு மின்னுவதை நிறுத்தும்வரை, ஒரு நிமிடம் அளவு, ஒன்றையும் தொடாமல் இருங்கள்.

ஒரு தடவை சேர்ந்துவிட்டால் அடுத்த நாள் தானாகச் சேரும். ரிசீவர் என்றால் இன்னும் சுலபம், போனில் அதன் பெயர் வரும், தொட்டால் சரி. கடவு எண் கேட்டால் 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள்.

ஹெட்போன் துளையில் பூட்டியவர்கள் ரிவிச் சத்தத்தை முக்கால்வாசி அளவில் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஹெட்போனில் செய்யுங்கள். ரிவியில் மிகக் குறைவாக இருந்தால் இரைச்சல் கூடும், முழுதாக வைத்தால் சத்தம் உடையும். காதுக்கும் ஒரு அளவு இருக்கிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர் 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எங்கே வைப்பது

சாதாரணக் கருவிகளுக்குப் பத்து மீற்றர் என்று போட்டிருப்பார்கள். அது வெளியான இடத்தில். சுண்ணாம்புக்கல்லில் கட்டிய எங்கள் பழைய வீடுகளின் தடித்த சுவர் ஒன்று குறுக்கே வந்தாலே அது வெகுவாகக் குறைந்துவிடும். ஹோலில் ரிவி, குசினியில் நீங்கள் என்றால் இடையில் எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் விறாந்தைக் கதிரை வரை நன்றாகப் போகிறது, கிணற்றடியில் அறுந்துவிடும். ஆளின் உடம்பும் இந்த அலையைத் தடுக்கும், ஏனென்றால் உடம்பில் தண்ணீர்தான் அதிகம்.

ட்ரான்ஸ்மிட்டரை ரிவிக்குப் பின்னால் தொங்கவிடாதீர்கள். முன்னால் ரிவியின் உலோகத் தகடு, பின்னால் சுவர். கொஞ்சம் நீளமான வயர் போட்டு ரிவியின் பக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். வைஃபை ரௌட்டரும் அதே ரிவி மேசையில் இருந்தால் ஒன்றை ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹேட்ஸ் அலையில், வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான். ரௌட்டரில் 5 கிகாஹேட்ஸ் இருந்தால் போன்களை அதற்கு மாற்றிவிடுங்கள்.

பழைய செட்டுக்கு

கசற் காலத்து அம்ப்ளிஃபயரும் பெரிய பெட்டி ஸ்பீக்கர்களும் இன்னும் பல வீடுகளில் துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. தயவுசெய்து அவற்றைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஒரு ரிசீவர் பூட்டினால் இன்றைய சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றைவிட நன்றாகப் பாடும். பின்பக்கத்தில் ஓக்ஸ், சிடி, டேப் என்று போட்ட துளையில் பூட்டுங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. போனோ என்று போட்ட துளையில் பூட்டவே கூடாது. அது இசைத்தட்டு முள்ளின் மெல்லிய சத்தத்தைப் பலமடங்கு பெருக்கும் இடம், ரிசீவரைக் கொடுத்தால் சத்தம் உடைந்து வரும்.

'ஊம்' என்று இரைந்தால் ரிசீவருக்கும் செட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் போகிறதா என்று பாருங்கள். ரிசீவரைப் பவர் பாங்கில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னத் துண்டை இடையில் போட்டால் நிரந்தரமாகத் தீரும். எங்கள் உப்புக் காற்றுக்குத் துளைகளில் பாசி பிடித்தும் கரகர என்று வரும். செட்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்ககோல் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

வாகனத்தில்

ஓக்ஸ் துளை இருக்கும் வானுக்கு ரிசீவர் வாங்குங்கள். பற்றரி உள்ளே இல்லாததாக, வாகனத்தின் யூஎஸ்பியில் ஓடுவதாகப் பாருங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய வானுக்குள் லித்தியம் பற்றரியை விட்டுவைப்பது நல்லதல்ல. ஓக்ஸ் இல்லாத பழைய வாகனத்துக்கு, போனின் பாட்டை வாங்கி வாகன ரேடியோவுக்கு ஒரு எஃப்எம் அலைவரிசையில் அனுப்பும் எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர்தான் வழி. யாழ்ப்பாணத்தில் வெறுமையாக இருந்த அலைவரிசையில் வவுனியா தாண்டும்போது வேறு நிலையம் வந்து ஏறிக்கொள்ளும். கொழும்புப் பயணத்தில் இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டி வரும். வாகனத்தை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

கரண்ட்

இந்தப் பெட்டிகள் யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓடும். கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டு வந்தாலும் இங்குள்ள போன் சார்ஜரில் பயமில்லாமல் பூட்டலாம். அவர்கள் கொண்டு வரும் சுவர்ச் சார்ஜரிலும் அம்ப்ளிஃபயரிலும் மட்டும் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 120, இங்கே 230. வெறும் 120 என்றால் பூட்டியவுடன் எரியும்.

பவர் பாங்கில் ஓட்டினால் சிலவேளை சில நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பெட்டி எடுக்கும் கரண்ட் மிகக் குறைவு, ஆகவே ஒன்றும் பூட்டப்படவில்லை என்று நினைத்துப் பவர் பாங்க் அணைகிறது. அதே பவர் பாங்கில் ஒரு போனையும் சேர்த்துப் பூட்டினால் பெரும்பாலும் நிற்காது.

இதற்கு வேண்டாம்

ஒலிவாங்கியில் பாடி ஸ்பீக்கரில் கேட்க நினைத்தால் வயரைப் போடுங்கள். தன் குரல் பிந்திக் கேட்டால் யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. கோயில் மேடை, அரங்கேற்றம் போன்ற இடங்களிலும் அப்படியே, ஒரு அழைப்பு வந்தாலே பாட்டு நடுவில் நின்றுவிடும். கணினியில் சூம் வகுப்புக்கு என்றால் சாதாரண ட்ரான்ஸ்மிட்டர் போதாது. அது சத்தத்தை ஒரு பக்கம்தான் கொண்டு போகும், உங்கள் குரலைத் திருப்பிக் கொண்டு வராது. அதற்குக் கணினி டொங்கிள் வேண்டும். காதுக்குள் வைக்கும் கேட்டல் கருவியோடு நேரே சேர்க்கலாம் என்று நினைத்தும் வாங்காதீர்கள். பல கேட்டல் கருவிகள் போனோடு பேசுவது வேறு முறையில், இந்தப் பெட்டிகளோடு அவை சேர்வதில்லை. கருவி வாங்கிய இடத்தில் அதற்கென்ற ரிவி இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அம்மாவுக்காகக் கடைசியாக ஒன்று செய்தேன். ரிசீவரின் பட்டனில் சிவப்பு நாடாத் துண்டு ஒட்டினேன். ரிவிக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: "சிவப்பை அமத்திப் பிடி. நீல வெளிச்சம் வந்தால் விடு. காதில் போடு." சார்ஜ் போடும் வேலை மகளுக்கு. படித்து முடித்துப் படுக்கப் போகும்போது அப்பம்மாவின் கழுத்திலிருந்து கழற்றிக் கொண்டு போய் அவள்தான் பூட்டுகிறாள்.